பின்னால் வருபவருக்கும் உரியது அந்தப் பாதை

பனி மூடிய மலைப்பாதையில் எவரும் தமக்காக மட்டும் நடப்பதில்லை. அவர் வைக்கும் ஒவ்வோர் அடியும் பின்னால் வருபவருக்கு வழியாக அமையும். அல்லது குழியாக அமையும். குளிர்காலத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலை ஏறும் குடும்பங்கள் இதனைப் புறப்படுவதற்கு முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வெள்ளை மலைத்தொடரின் பிராங்கோனியா கணவாய்க்கு மேற்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,700 அடி உயரத்தில் 'லோன்சம் லேக்' என்னும் சிற்றேரி உள்ளது. அடிவாரத்திலிருந்து ஒன்றரை மைலுக்குள், ஏறத்தாழ 1,000 அடி ஏறினால் அதனை அடைந்துவிடலாம். குளிர்காலத்தில் ஏரி முழுவதும் உறைந்து வெண்தரையாகக் கிடக்கும். கிழக்கே 5,200 அடிக்கு மேல் உயர்ந்த லஃபாயெட் சிகரமும் அதன் தொடரும் பனி போர்த்து நிற்கும். படைத்தவனின் வல்லமையை எண்ணி மனம் அடங்கும் இடம் அது. வீட்டுக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கும் பிள்ளைகளுக்கு அக்காட்சியைக் காட்டுவது நல்ல செயலே.

தொலைவு குறைவு என்பதால், சாதாரண பூட்ஸே போதும் எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். புதுப்பனியில் பூட்ஸ் அணிந்த கால் முழங்கால் வரை புதையும். காலை உருவிய இடத்தில், வேலிக் கம்பம் நட வெட்டியது போன்ற ஆழ்குழி எஞ்சும். இரவில் அக்குழியின் விளிம்பு இறுகிக் கல்லாகும். மறுநாள் அதன்மேல் மெல்லிய பனி விழுந்தால் குழி கண்ணுக்கே தெரியாது. அதில் கால் வைப்பவரின் கணுக்கால் பிசகலாம். எலும்பு முறியவும் கூடும். ஸ்னோஷூ என்னும் அகன்ற மிதியடி உடலின் எடையைப் பரப்பித் தாங்குவதால் கால் ஆழப் புதைவதில்லை. அதனை அணிந்து பலர் நடக்க நடக்கப் பாதை இறுகிச் சமதளமாகிறது. ஆகவே, அது அணிபவரின் வசதிக்கான பொருள் மட்டுமன்று. அடுத்து வருபவரின் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துள்ளார்கள். பிறர் போட்ட முள்ளை அகற்றுவதே ஈமானின் பகுதி என்றால், நாமே ஒரு குழியை விட்டுச் செல்வது எவ்வாறு தகும்? நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் உயர்சிகர வனப்பகுதியில், பனி 8 அங்குலத்தைத் தாண்டினால் ஸ்னோஷூவோ பனிச்சறுக்குப் பலகையோ அணிய வேண்டும் என்பது விதி. லோன்சம் லேக் பாதையில் அத்தகைய விதி இல்லை. விதி இல்லாத இடத்தில் அடுத்தவரின் உரிமையைப் பேணுவதுதான் நம் அமானிதம்.

"அந்தப் பாதையில் நாள்தோறும் ஆட்கள் நடக்கிறார்கள், பனி மிதிபட்டு இறுகித்தான் இருக்கும்" என்று சிலர் கூறுவர். காலையில் அது உண்மையாக இருக்கலாம். நண்பகல் வெயிலில் அதே பனி இளகி, இறங்கும்போது கால் உள்ளே போகும். இறுகிய பனியில் பூட்ஸின் மேல் மாட்டும் இரும்புப் பற்கள் போதுமானவை. ஆயினும் ஸ்னோஷூ முதுகுப்பையில் இருக்க வேண்டும். கால் புதையத் தொடங்கியதும் அணிந்துகொள்ள வேண்டும். விலை அதிகம் என்போர் மலையேற்றப் பொருள் கடைகளில் வாடகைக்குப் பெறலாம்.

பின்னால் வருபவர் அந்நியராக மட்டும் இருப்பதில்லை. நம் குழுவிலேயே இருக்கிறார். புதுப்பனியில் முன்னே சென்று தடம் போடுபவருக்கே உழைப்பு மிகுதி. வலியவர்கள் அதனை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும். முதியவரும் நோயாளியும் பின்னால் நிற்பதை எண்ணித் தொழுகையைச் சுருக்குமாறு இமாமுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது. மலையிலும் அவ்வாறே, கடைசியில் வரும் பிள்ளையின் நடையே குழுவின் நடையாக வேண்டும்.

ஏரியை அடைந்தபின் இதுவே உயிர்ப் பிரச்சினையாகிறது. பனிக்கட்டியின் மேல் காணும் காலடித் தடம், நேற்று ஒருவர் அங்கே நின்றார் என்பதை மட்டுமே காட்டும். இன்று உங்கள் குடும்பத்தை அது தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. தனி ஒருவர் நடப்பதற்கே குறைந்தது 6 அங்குலக் கெட்டிப் பனிக்கட்டி வேண்டும் என்பது அம்மாநிலத்தின் அறிவுரை. ஓடை வந்து சேரும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் பனிக்கட்டி மெலிந்திருக்கும். மேலே படிந்த பனி கம்பளம் போல் குளிரைத் தடுப்பதால், அதன் அடியில் பனிக்கட்டி தடிப்பதும் தாமதமாகும். அளந்து அறியாதவர் கரையிலேயே நிற்பது நல்லது. நாம் பதிக்கும் தடத்தை நம்பி நாளை வேறொரு வீட்டுப் பிள்ளை நடக்கக்கூடும்.

டிசம்பர் இறுதியில் அங்கே மாலை நாலேகால் மணியளவில் சூரியன் மறைந்துவிடும். லுஹரை ஏரிக்கரையில் தொழுதுவிட்டு உடனே இறங்கினால், அஸரை அடிவாரத்தில் தொழலாம். வெளிச்சம் இருக்கும்போதே வாகனத்தை அடையலாம். ஏறும் வழியிலேயே நேரம் கடந்துவிட்டால், ஏரியைக் காணாமல் திரும்புவதில் இழப்பு ஏதும் இல்லை. இருளில் ஒருவர் காயமுற்றால் அவரைத் தூக்கு படுக்கையில் சுமந்து இறக்க, மீட்புப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் தம் வீடுகளை விட்டு உறைபனியில் ஏறி வர வேண்டும். கவனக்குறைவால் நேர்ந்தது எனக் கண்டால் மீட்புச் செலவை அவரிடமே கேட்க அம்மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. பணத்தைச் செலுத்திவிடலாம், நமக்காகப் பிறர் ஏற்ற ஆபத்துக்கு ஈடு செய்ய இயலுமா?

ஆகவே, செல்லுங்கள், பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஏறும் முன் ஸ்னோஷூவின் வாரை இறுக்கும்போது, அது எவருக்காகவும் அணியப்படுகிறது என்பதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். முகம் அறியாத ஒருவரின் கணுக்காலுக்காகவும் கவலைப்படக் கற்ற பிள்ளை, பள்ளிவாசல் வாசலில் செருப்பை வழியில் விடாது. பிறர் வீட்டு வாயிலை மறித்து வாகனத்தை நிறுத்தாது, இன்ஷா அல்லாஹ்.