வேகம் மிகுந்த ரவை வேண்டுமா?

சென்ற மாதம் கந்தப்பளைப் பக்கத்திலுள்ள என் தங்கையின் வீட்டில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். லயத்துக்குப் பின்புறச் சரிவில் அவளுக்கு ஒரு சிறிய மரக்கறித் தோட்டம் உண்டு. உருளைக்கிழங்கும், லீக்ஸும், ஓரத்தில் இரண்டு வரிசை கோவாவும் வைத்திருந்தாள். நான் போய்ச் சேர்ந்த மறுநாள் விடியற்காலையில் அவள் அந்தச் சரிவில் வாய் பேசாமல் நின்றுகொண்டிருந்ததைக் கண்டேன். ஏர் உழுததுபோல நிலம் புரண்டு கிடந்தது. மூன்று மாத உழைப்பை ஒரே இரவில் காட்டுப்பன்றிகள் தின்று தீர்த்துவிட்டன.

நியூசிலாந்திலிருந்து விடுமுறையில் வந்திருந்த அவளுடைய மகனுக்குக் கோபம் தாங்கவில்லை.

"மாமா, அங்கே நாங்கள் முந்நூறு யார் தூரத்திலிருந்து முயல்களைச் சுடுகிறோம். அப்படியொரு ரைபிள் இங்கே இருந்தால், இந்தப் பக்கத்து மலையில் உட்கார்ந்துகொண்டே அந்தப் பக்கத்துப் பன்றிகளைத் தீர்த்துவிடலாமே! எந்தத் தோட்டா நல்லது? உங்களுக்குத்தான் தெரியுமே!" என்றான்.

எனக்குத் தெரியும் என்று அவன் சொன்னதற்குக் காரணம் உண்டு. தோட்டங்கள் அரசுடைமையாவதற்கு முன்னர், ஒரு தோட்டத்து ஆபீசில் இளம் எழுதுவினைஞனாக இருந்தபோது, துரையின் துவக்குகளைத் துடைத்து வைப்பதும் தோட்டாக்களுக்குக் கணக்கெழுதுவதும் என் பொறுப்பாயிருந்தன. கேட்டவன் மருமகன், ஆகவே அவனுக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

சிறிய ரவையை மிகுந்த வேகத்தோடு செலுத்தவேண்டும் என்ற ஆசை பழையது. பெரிய பித்தளைக் குப்பி ஒன்றின் கழுத்தை ஒடுக்கி, நிறைய மருந்தை அடைத்து, அதன் வாயில் ஒரு சின்னஞ்சிறு ரவையைப் பொருத்துவதே இதிலுள்ள உபாயம். 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனியார் வெளியிட்ட 220 ஸ்விப்ட் என்னும் தோட்டா இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. அதன் ரவையின் எடை 48 கிரெயின். நம் வீட்டுப் பெண்களுக்குப் புரியும் கணக்கில் சொல்வதானால் அரைப் பவுனுக்கும் குறைவு. அது குழாயை விட்டு வெளிவரும் வேகமோ வினாடிக்கு 4,110 அடி. ஒலியின் வேகத்தைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல்! ஆயினும் அத்தனை வேகத்துக்கும் ஒரு விலை இருந்தது; துவக்கின் குழாய் விரைவில் தேய்ந்து போயிற்று.

1950இல் வந்த 222 ரெமிங்டன் வேகத்தில் குறைந்தது. ஆனால் குறி தவறாமைக்குப் பேர்பெற்றது. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது 22-250 என்பது. 1915இல் பிறந்த 250 சாவேஜ் தோட்டாவின் கழுத்தை ஒடுக்கி, ஆர்வலர் பலர் தத்தம் பட்டறைகளிலே நெடுங்காலம் செய்துவந்த இதனை, 1965இல் ரெமிங்டன் கம்பெனியார் முறைப்படி தயாரிக்கத் தொடங்கினர். 2004இல் 204 ரூகர் என்னும் இன்னும் மெல்லிய தோட்டா ஒன்றும் வந்து சேர்ந்தது. பரந்த புல்வெளியில் முயலையும் அதுபோன்ற சிறு பிராணிகளையும் சுடுவதற்கு எது என்று கேட்டால், 22-250 என்பதே என் விடை. செலவையும் சத்தத்தையும் குறைக்க விரும்புகிறவர் 222இன் இனத்தைச் சேர்ந்த 223ஐக் கொள்ளலாம்.

வேகத்தினால் பயன் என்ன? சாதாரண 22 ரவையை ஐம்பது யாருக்குக் குறிவைத்து அமைத்தால், நூறு யாரில் அது ஏறக்குறைய அரையடி கீழிறங்கிவிடும். 22-250ஐ இருநூறு யாருக்கு அமைத்தால், முந்நூறு யாரிலேதான் அவ்வளவு இறங்கும். முந்நூறு யாரைக் கடக்க அதற்கு ஒருமுறை கண்ணிமைக்கும் நேரம் போதும். இன்னொரு நன்மையும் உண்டு. வேகமான மெல்லிய ரவை மண்ணில் பட்டதும் பெரும்பாலும் சிதறிப்போகும். மெதுவான 22 ரவையோ கல்லில் பட்டுத் தெறித்து வேறு திசையில் பறக்கும். குறையையும் சொல்லவேண்டும்: எடை குறைந்ததைக் காற்று எளிதில் தள்ளும். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, முந்நூறு யாரில் இந்த ரவையை ஏறத்தாழ ஓர் அடி விலக்கிவிடும்.

இவ்வளவும் கேட்ட மருமகன், "அப்படியானால் 22-250தான்!" என்று கைதட்டினான்.

"பொறு, தம்பி. இது புல்வெளிக்குச் சொன்ன கணக்கு. இனி மலைக்குரிய கணக்கைக் கேள்" என்றேன்.

நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடிக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகவே ரவை சற்று அதிகமாகவே தன் வேகத்தைக் காக்கும். அடுத்தது சரிவு. முப்பது பாகைச் சரிவிலே முந்நூறு யார் தூரத்தில் நிற்கும் ஒன்றை, மேல் நோக்கிச் சுட்டாலும் கீழ் நோக்கிச் சுட்டாலும், புவியீர்ப்பின் கணக்கில் அது இருநூற்றறுபது யார்தான். இதனை அறியாதவனுடைய ரவை இலக்கின் தலைக்கு மேலே போகும். மேலே போன ரவை எங்கே போய் விழும்?

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, அவனை வாசலுக்கு அழைத்துச் சென்றேன். எதிர் மலையைக் காட்டினேன். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அதற்கு மேலே ஒரு லயம். அதன் பக்கத்தில் மாரியம்மன் கோவில். சரிவு முழுவதும் கொழுந்துக் கூடைகள். திடீரென்று மூடுபனி இறங்கி அத்தனையையும் மறைத்தது. சாதாரண 22 ரவையே ஒரு மைலுக்கும் அப்பால் போகக்கூடியது. மண்ணில் பட்டால்தான் மெல்லிய ரவை சிதறும். ஒன்றிலும் படாமல் மலைமுகட்டைத் தாண்டினால் சிதறுவதில்லை. மேலும் பன்றி வருவது பகலிலா? இரவில்!

பன்றியே இந்தத் தோட்டாவுக்கு உரிய இலக்கு அன்று. 1848இல் நுவரெலியாவில் வந்து குடியேறிய சாமுவேல் பேக்கர், நான்கு அவுன்ஸ் ஈயத்தை வீசும் பெருந்துவக்கு ஒன்றை வைத்திருந்தார். அது யானைக்கு. நம்முடைய அரைப் பவுன் ரவையோ முயலுக்கு. தோளிலே தடித்த கேடயம் போன்ற தோலுடைய முதிர்ந்த ஆண் பன்றியின் மேல் அது பட்டால், உள்ளே போகுமுன் சிதறிப் புண்ணாக்கும், கொல்லாது. புண்பட்ட பன்றி தேயிலைச் செடிகளுக்கு அடியில் படுத்துக் கிடக்கும். மறுநாட் காலை ஏழு மணிக்கு அந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் யார்? அவனுடைய அத்தைமார்களும் மதினிமார்களுமே.

மருமகன் பேசாதிருந்தான். சட்டத்தையும் நினைவூட்டினேன். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பது குற்றம். விமானத்திலிருந்து இறங்குகிறவன் பெட்டியில் போட்டுக் கொண்டுவரக்கூடிய பொருளா அது?

அப்போது என் தங்கை, "துவக்கு வேண்டாம் அண்ணா. எல்லோரும் செய்வதுபோல் ஒரு கண்ணி வைத்துவிட்டால் என்ன?" என்றாள்.

2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில், மரக்கறித் தோட்டமொன்றின் கம்பிக் கண்ணியில் அகப்பட்டது கருஞ்சிறுத்தை. காண்பதற்கே அரிதான அந்தப் பிராணி உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் சில நாட்களில் இறந்துபோயிற்று. கண்ணிக்குப் பன்றியென்றும் சிறுத்தையென்றும் தெரியாது. கட்டுத்துவக்குக்கு மனிதனென்றும் தெரியாது. எங்கள் தாய்மாமனை அவளுக்கு நினைவிருக்கவேண்டும். விறகுக்குப் போன இடத்தில், பன்றிக்காக யாரோ கட்டிவைத்த துவக்கின் கயிறு அவர் காலில் தடுக்கிற்று. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அதன் பின்னர் இருபத்திரண்டு வருடங்கள் பிரட்டுக்களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கூடை முடைந்தார். அவர் பெயரை நான் சொன்னதும் தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு என்ன செய்தோம்? குறிஞ்சி நிலத்துத் தமிழர் தினைப்புனம் காத்த முறை நமக்குப் புதிதன்று. வள்ளியம்மை பரண்மேல் நின்று காத்ததைக் கோவிலிலே படமாக எழுதி வைத்துக் கும்பிடுகிறோம். அந்தப் பரணையே கட்டினோம். அக்கம்பக்கத்து நான்கு வீட்டார் சேர்ந்து, நாளுக்கு ஒரு வீடாகக் காவல் முறை வகுத்தார்கள். மருமகன் தன் செலவில் கம்பிவலை வாங்கி வந்தான். பன்றி வேலியைத் தாண்டுவதைவிட அடியில் தோண்டியே நுழையும். ஆகவே வலையின் கீழ்ப்பகுதியை ஓரடி ஆழத்துக்கு மண்ணில் புதைக்கச் சொன்னேன். மின்சாரக் கம்பி இழுக்கலாம் என்று ஒருவர் சொன்ன யோசனையை எல்லோருமே மறுத்துவிட்டார்கள். இருட்டில் அதைத் தொடுவது குழந்தையாகவும் இருக்கலாம்.

நான் புறப்படுவதற்கு முந்திய இரவு மருமகனும் நானும் பரணில் இருந்தோம். குளிர் எலும்பைத் துளைத்தது. இரண்டு மணியளவில் கீழே மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. அவன் டார்ச்சை அடித்தான். நான் தகரத்தைத் தட்டினேன். ஐந்தாறு பன்றிகள் வலையோரமாக ஓடிக் காட்டுக்குள் மறைந்தன. ஓடையைக் கடக்கும் ஓசை சிறிது நேரம் கேட்டது.

"நாளைக்கும் வரும், மாமா" என்றான் அவன்.

"வரும். நாளைக்கு மேல்வீட்டாருடைய முறை" என்றேன்.

போன கிழங்கு போனதுதான். ஆயினும் கடைசி இரண்டு வரிசைகள் தப்பியிருந்தன. அவற்றிலிருந்து முதலாவதாகத் தோண்டியெடுத்த ஒரு பை கிழங்கைத் தங்கை எனக்குக் கட்டித் தந்தாள். இதை எழுதும்போது அது அடுப்பில் வெந்துகொண்டிருக்கிறது.