கைக்கு எட்டாத தீர்ப்பு

தில்லியில் சொந்தமாகச் சிறிய வீடு வாங்கிய ஒருவர், சமையலறை அலமாரி செய்வதற்காகத் தச்சர் ஒருவரிடம் ரூ.40,000 முன்பணம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலையைப் பாதியில் விட்டுச் சென்ற தச்சர், அதன்பிறகு தொலைபேசி அழைப்பையும் ஏற்பதில்லை. காவல் நிலையத்துக்குப் போனால், "இது கொடுக்கல் வாங்கல் தகராறு, நீதிமன்றத்துக்குப் போங்கள்' என்பார்கள். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனாலோ, வழக்குச் செலவே முன்பணத்தை விழுங்கிவிடும்.

இத்தகைய சாமானியர்களின் நலன் கருதித்தான் 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் 2019-இல் நிறைவேற்றிய புதிய சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்கு உள்பட்டதாக இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வழக்குரைஞர் இல்லாமல் தாமே வாதாடலாம். தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். எதிர்த்தரப்பு நோட்டீஸ் பெற்ற மூன்று மாதங்களுக்குள் புகாரைத் தீர்க்க முயல வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

ஏட்டில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால், பணத்தைத் திருப்பித் தருமாறு உத்தரவு பிறந்த பிறகுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. எதிர்த்தரப்பு அசைந்து கொடுக்காவிட்டால், உத்தரவை நிறைவேற்றக் கோரி மீண்டும் மனுச் செய்ய வேண்டும். விசாரணைக்குக் காலவரம்பு விதித்த சட்டம், அந்த மனுவை முடிப்பதற்கு வரம்பு எதையும் விதிக்கவில்லை. முகவரியை மாற்றிக்கொண்டு போய்விட்டவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் வென்றவரின் தலையில்தான் விழுகிறது.

இந்த அலட்சியத்துக்குப் பழைய வரலாறு உண்டு. 2002-இல் செய்யப்பட்ட திருத்தத்தில் 25-ஆவது பிரிவில் "இடைக்கால உத்தரவு' என்று மட்டும் எழுதப்பட்டதால், இறுதி உத்தரவை நிறைவேற்றுவதில் குழப்பம் நேர்ந்தது. 2003 மார்ச் 15 முதல் 2020 ஜூலை 20 வரையிலான காலத்துக்கு அதனை "எந்த உத்தரவும்' என்றே படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. நிறைவேற்று மனுக்களை விரைந்து முடிக்க நடவடிக்கை எடுக்குமாறும் அறிவுறுத்தியது. நாடாளுமன்றத்தின் கவனக்குறைவை நீதிமன்றம் சரிசெய்ய இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன!

உத்தரவை மதிக்காதவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கவும் புதிய சட்டத்தில் இடமுண்டு. ஆனால், தச்சரும் குழாய் பழுதுபார்ப்பவரும் பெருமுதலாளிகள் அல்லர். அவர்களைச் சிறைக்கு அனுப்புவதால் இழந்த பணம் திரும்பி வந்துவிடாது. முதல் விசாரணையிலேயே சமரசத்துக்கு வாய்ப்பளிப்பதும், இயலாதவர் தவணையில் செலுத்த வழிசெய்வதும், வசதியிருந்தும் ஏய்ப்பவரின் சொத்தை முடக்குவதுமே பயன் தரும்.

நிறைவேற்று மனுக்களை ஆறு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்று உரிமையியல் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. அதே வரம்பை நுகர்வோர் சட்டத்திலேயே நாடாளுமன்றம் எழுதி வைக்க வேண்டும். ஆணையங்களில் காலியிடங்களை உடனுக்குடன் நிரப்புவது மத்திய, மாநில அரசுகளின் கடமை.

ரூ.40,000 அரசுக்குச் சிறு தொகையாக இருக்கலாம். அதை இழந்த குடும்பத்துக்கோ அது பல மாதச் சேமிப்பு. பணம் கைக்கு வந்து சேராதவரை, தீர்ப்பு என்பது வெறும் காகிதமே!