ரஜூலா எந்த வருஷத்துக் கப்பல்?

பழைய கப்பல் கம்பெனிகளின் கப்பல் பட்டியலை உட்கார்ந்து படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் கிளையில் சிரிக்கிறார்கள். அப்படி என்ன சுவாரஸ்யம் அதில்? எங்கே கட்டினார்கள், எத்தனை டன், எந்த வருஷம் கடலில் இறங்கியது, எந்த வருஷம் பழைய இரும்புக்குப் போனது. அவ்வளவுதான். ஆடிட் சமயத்தில் நாங்கள் தூசி தட்டி எடுக்கிற நிலையான சொத்துப் பதிவேடு மாதிரியே இருக்கும். ஆனாலும், பிழைப்புக்காக ஊரை விட்டுக் கிளம்பிய தமிழ்க் குடும்பங்கள் ஒரே ஒரு கம்பெனியின் பட்டியலையாவது படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, சுருக்கமாக பி.ஐ.

1856-ல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே தபால் கொண்டு போவதற்காக ஆரம்பித்த கம்பெனி. வில்லியம் மெக்கின்னன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடத்தினார். 1862-ல்தான் பிரிட்டிஷ் இந்தியா என்ற பெயர் வந்தது. தபால் ஒப்பந்தம், பட்டாளத்தை ஏற்றிப் போகிற ஒப்பந்தம் எல்லாம் சர்க்காரோடு. இப்படி ஒரு பார்ட்டி கடன் கேட்டு வந்தால் எந்த மேனேஜரும் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்! 1914-ல் பி அண்டு ஓ-வோடு இணைந்தபோது கப்பல் எண்ணிக்கையில் பெரியது பி.ஐ.தான். 1920-களின் தொடக்கத்தில் 150-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. அதன் ஏஜெண்டான மெக்கின்னன் மெக்கன்சியின் பெயரில் ஒரு கட்டடம் இங்கே மும்பை பல்லார்ட் எஸ்டேட்டில் இருக்கிறது. வேலையாக அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பேன்.

நமக்கு பி.ஐ. என்றால் வில்லன். தூத்துக்குடி-கொழும்பு வழியில் வ.உ.சி.யின் சுதேசிக் கம்பெனியை நசுக்கிய ஆட்கள். 1906-ல் பதிவு செய்து, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வாங்கி, கட்டணப் போட்டியில் சிக்கி, 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போய், 1911-ல் கம்பெனியே கலைக்கப்பட்ட கதை பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டது. அதில் மாற்றுக் கருத்து எனக்கும் இல்லை. ஆனால் அந்த வில்லனின் கப்பல்களில்தான் நம் ஆட்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள், வந்தார்கள். அந்தப் பாதியை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

ரஜூலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1926-ல் கிளாஸ்கோவில் பார்க்லே கர்ல் கட்டியது. சுமார் 8,500 டன். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர். ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். நாகையில் கப்பல் கரைக்கு வராது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். கேபின் பயணிகள் நூறு பேருக்கும் குறைவு. டெக் பயணிகளுக்கான அனுமதியோ ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேல்! பாய் விரிக்க எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வங்கியில் பெரிய கணக்கு வைத்திருப்பவர் வந்தால் ஏசி ரூமில் டீ. கிளையைத் தூக்கி நிறுத்துவது என்னவோ வரிசையில் நிற்கிற சேமிப்புக் கணக்குக்காரர்கள்தான். கப்பலிலும் அதே கதை. கேபின் பயணிகளின் பெயர் சிங்கப்பூர்ப் பத்திரிகைகளில் அச்சாகும். டெக் பயணி வெறும் எண்ணிக்கை. பினாங்கில் இறங்கும்போதும் கேபின்காரர் வீட்டுக்குப் போவார், டெக்கில் வந்தவர் ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாமுக்குப் போவார்.

இப்போது என் அத்தை விஷயம். எண்பத்து நான்கு வயது, மாயவரத்தில் இருக்கிறார். என் பெரிய தாத்தா பினாங்கில் ஒரு கடைக்குக் கணக்கெழுதப் போனவர். "பெரியப்பா 1924-ல ரஜூலாலதான்டா போனாங்க" என்பது அத்தையின் வாக்கு. 1924-ல் ரஜூலா கடலிலேயே இறங்கவில்லை. ஒன்று கப்பல் தப்பு, இல்லை வருஷம் தப்பு.

இந்த மாதிரி கதை நம்மவர்கள் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பர்மாவுக்குப் போனவரையும் ரஜூலாவில் ஏற்றிவிடுவார்கள். காரணம் புரிகிறது. மற்றக் கப்பல்கள் வந்தன, போயின. இது ஒன்றுதான் நடுவில் ஒரு யுத்தத்தையும் தாண்டி ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஓடியது. ஃபோட்டோ காப்பிக்கு ஜெராக்ஸ் என்று பெயர் நின்ற மாதிரி, கப்பல் என்றால் ரஜூலா என்று ஆகிவிட்டது. அதனால் மற்றக் கப்பல்களை மறந்தே போனோம்.

உதாரணம் ரோனா. அதே 1926-ல் கட்டிய, ரஜூலாவின் ஜோடிக் கப்பல், அதே வழியில் ஓடியது. யுத்தத்தில் துருப்புக் கப்பலாக எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியாவுக்கு அப்பால் ஜெர்மன் விமானம் ஏவிய, ரேடியோவால் இயக்கும் குண்டு அதில் விழுந்தது. அமெரிக்கச் சிப்பாய்கள் மட்டும் 1,015 பேர் இறந்தார்கள். கப்பலில் வேலை பார்த்த இந்திய மாலுமிகளும் இறந்தார்கள். அமெரிக்க அரசு இதை வெகுகாலம் வெளியே விடாமல் வைத்திருந்தது. இப்போது அமெரிக்காவில் இறந்தவர்களின் குடும்பங்கள் சேர்ந்து நினைவு நாள் நடத்துகிறார்கள். அதற்குமுன் அந்தக் கப்பலின் டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போன நம் ஆட்களைப் பற்றித் தமிழில் எத்தனை பக்கம் எழுதியிருப்போம்?

கப்பல் பட்டியலை மலாயாச் சட்டங்களோடு சேர்த்துப் படித்தால் இன்னும் தெளிவாகிறது. 1930-ல் ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத் தொழிலாளிகளைக் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்பினார்கள். கப்பல்கள் அதேதான், திசை மட்டும் மாறியது. 1938-ல் மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் கூலியாட்கள் போவதை இந்திய அரசே நிறுத்தியது. 1953-ல் மலாயாவின் புதிய குடியேற்றச் சட்டம் அமலாகி, கதவு முக்கால்வாசி சாத்தப்பட்டது. ரஜூலாவின் டெக் எண்ணிக்கையையும் பிற்காலத்தில் வெகுவாகக் குறைத்தார்கள். அப்புறம் போனவர்கள் பெரும்பாலும் ஏற்கனவே அங்கே காலூன்றியவர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள், வியாபாரிகள். ஆக, தாத்தா போன வருஷம் தெரிந்தால் அவர் எந்த ரகப் பயணி என்பது பாதி தெரிந்துவிடும். வருஷம் முக்கியம் என்று நான் அடம் பிடிப்பது அதனால்தான்.

முடிவு சீக்கிரம் வந்தது. 1973-ல் ரஜூலாவை நம் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது. அடுத்த வருஷமே இந்த மும்பையில் உடைத்தார்கள். அதன் இடத்துக்கு வந்த சிதம்பரம், முன்பு பாஸ்டர் என்ற பெயரில் ஐரோப்பாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே ஓடிய பிரெஞ்சுக் கப்பல். 1966-ல் கட்டியது, அளவில் ரஜூலாவைப் போல் இரண்டு மடங்கு. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதே வருஷம் அதையும் உடைப்புக்கு விற்றார்கள். அதோடு சென்னை-சிங்கப்பூர் வழக்கமான பயணிகள் கப்பல் நின்றது நின்றதுதான்.

கம்பெனித் தரப்புக் கணக்கு பத்திரமாக இருக்கிறது. பி அண்டு ஓ-வின் ஆவணங்கள் லண்டன் கிரீனிச் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கப்பலுக்குக் கப்பல் குறிப்பு போட்டு வைத்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டும். ஆனால் அது சொத்துப் பக்கம் மட்டும். வருமானப் பக்கம் நம் வீட்டுப் பரண்களில், டிரங்குப் பெட்டிகளில் கிடக்கிறது. அதைத்தான் ஃப்ளாட் மாற்றும்போது பேப்பர்காரனுக்குப் போடுகிறோம். ரஜூலாவில் பத்து வயதில் போனவருக்கே இன்று குறைந்தது அறுபது வயது. பெரியவராகப் போய் விவரம் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் மிச்சம்?

பெரியவர்களிடம் கேட்பதென்றால் கப்பலில் சாப்பாடு எப்படி, அலை எப்படி என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது யார்? இதைக் கேளுங்கள். தோட்டத்துக்குப் போன தொழிலாளிகளுக்கு, 1907-ல் முதலாளிகளிடம் வரி வசூலித்து ஏற்படுத்திய குடியேற்ற நிதி கொடுத்தது. மற்றவர்கள்? மாமன் கொடுத்தாரா, வட்டிக்கு வாங்கினார்களா, போன பிறகு எத்தனை வருஷம் அடைத்தார்கள்? ஒரு குடும்பத்தின் முதல் கடன் அது. எந்தக் கப்பல் பட்டியலிலும் வராது.

அத்தையிடமும் இதைத்தான் கேட்டேன். வருஷத்தை விட்டுக்கொடுக்காதவர் இதற்கு யோசிக்காமல் பதில் சொன்னார். "வாய்க்காலோரம் ரெண்டு மா நெலத்தை ஒத்தி வெச்சாங்க. பத்திரம் பொட்டியில இருக்கும் பாரு." இருந்தது. தேதி 1928. ஆக, கப்பல் ரஜூலாவாகவே இருக்கலாம், அத்தையிடம் சொல்லிவிட்டேன். "நான்தான் சொன்னேன்ல" என்றார். பத்திரத்தின் பின்பக்கம் பினாங்கிலிருந்து வந்த பணத்தைத் தவணை தவணையாக வரவு வைத்திருக்கிறார்கள். கடைசி வரவு 1936, தை மாசம்.