ரோட்டில் வைக்கோல் – களம் எங்கே போனது?

நவரை அறுப்பு வந்தால் நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே வசவுதான். பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டிச் சாலைகளில் வைக்கோல் பரப்புகிறவனுக்கு அறிவே இல்லையாம். சிப்காட் ஷிப்டுக்கு பைக்கில் போகும் பிள்ளைகள் சறுக்கி விழுவது உண்மை. கார் அடியில் வைக்கோல் சுற்றிக்கொண்டு, சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும் என்பதும் உண்மை. திட்டுங்கள், ஆனால் அவன் வேறு எங்கே காயவைப்பான் என்பதையும் சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.

வைக்கோல் காயவைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மெல்லிசாகப் பரப்பி, மேல்பக்கம் காய்ந்ததும் கவைக்கோலால் உதறிப் புரட்டி, பொழுது சாய்ந்தால் குவித்து, மறுநாள் மறுபடி பரப்ப வேண்டும். ஈரத்தோடு போர் போட்டால் உள்ளே புழுங்கிச் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் படித்த பிரெஞ்சில் புல்லைப் புரட்டிக் காயவைப்பதற்கு 'ஃபனே' என்று தனி வினைச்சொல்லே உண்டு. இங்கிலாந்தில் ராபர்ட் சால்மன் என்பவர் 1814-லேயே இதற்குக் குதிரை இழுக்கும் இயந்திரம் செய்துவிட்டார். இயந்திரமோ கவைக்கோலோ, முதலில் காய்ந்த தரை வேண்டுமே ஐயா!

அந்தத் தரைக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'களம் புறம்போக்கு'. நான் குமாஸ்தாவாகப் புரட்டிய 'அ' பதிவேடுகளில் புல எண்ணோடு இருந்தது. பிறகு 'வகைப்பாடு மாற்றம்' என்று ஒரு சிவப்பு மைக்கோடு. சில இடத்தில் ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி. சில இடத்தில் சத்தமில்லாமல் யாரோ ஒருவர் பெயருக்குப் பட்டா. மாற்றுக் களம் கொடுத்த கோப்பு ஒன்றுகூட என் மேஜைக்கு வந்ததில்லை.

அறுப்பு மிஷின் வந்த பிறகு களம் எதற்கு என்பார்கள். மிஷின் நெல்லைப் பிரித்து வைக்கோலை வயலிலேயே போட்டுவிட்டுப் போகிறது. வயல் ஈரமாக இருந்தால் அங்கேயே அழுகும். உருளையாகக் கட்டும் மிஷினுக்கும் காய்ந்த வைக்கோல்தான் வேண்டும்.

2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நிலங்களில் களத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஏரி, குளத்துக்கு அதைக் காட்டி வழக்குப் போடுகிறோம். களத்துக்காக யார் கேட்டோம்?

உங்கள் ஊர் 'அ' பதிவேட்டில் களம் எந்தப் புல எண், இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு போதும். மனு எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன்.