துண்டும் தொப்பியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

மனிதன் அணியும் பொருள்களுள் தலையில் அணிவதற்கு உள்ள பெருமை வேறெதற்கும் இல்லை. அரசனுக்கு மணிமுடி, மணமகனுக்குத் தலைப்பாகை, உழவனுக்கு முண்டாசு. இத்துணைப் பெருமை வாய்ந்த ஒன்றைச் சாவின் முன்னால் மனிதன் கழற்றி விடுகிறான். அதை யாருக்காகக் கழற்றுகிறான் என்று சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் உலக வழக்கைப் பார்ப்போம். சவ ஊர்வலம் கடந்து செல்லும்போது தொப்பியைக் கழற்றி நிற்பது மேலைநாட்டு ஆடவரின் நெடுநாள் வழக்கம். ஆண்மகன் தலையை மூடிக்கொண்டு செபிக்கலாகாது என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் கூறுகிறார். யூதர்களோ இதற்கு நேர்மாறாக, தலையை மூடிக்கொண்டுதான் அடக்கத்தில் கலந்து கொள்வர். சீக்கியர் தலைப்பாகையை அவிழ்ப்பதில்லை. சீருடை அணிந்த படைவீரர் தொப்பியோடு நின்று, கையுயர்த்தி வணக்கம் செலுத்துகிறார். கழற்றுவதும் மரியாதை, அணிவதும் மரியாதை! ஆகவே, துக்க வீட்டுக்குச் செல்பவன் தன் வழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, அந்த வீட்டாரின் வழக்கத்தைக் கைக்கொள்வதே பண்பாடு.

நம் ஊர்களில் தொப்பிக்குப் பதில் துண்டு இருக்கிறது. இழவு வீட்டை நெருங்கும்போதே பெரியவர்கள் முண்டாசை அவிழ்த்து விடுகிறார்கள். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்குகிறது. கொள்ளி வைக்கும் மகனின் தலையிலும் தோளிலும் பெருமைக்குரிய எதுவும் இருப்பதில்லை. பின்னர்க் கருமாதி நாளில் தாய்மாமனோ மாமனாரோ அவனுக்கு உருமால் கட்டும் வழக்கம் பல சமூகங்களில் உண்டு. தந்தை இருந்த இடத்தில் இனி நீ நிற்கிறாய் என்று ஊரறியச் சொல்வதே அதன் பொருள். தலையிலிருந்து இறங்கிய துணி மீண்டும் தலைக்கு ஏறும்போது துக்கமும் ஒரு முடிவுக்கு வருகிறது. எவ்வளவு பொருள் பொதிந்த வழக்கம்!

ஆனால் இதே துண்டு, உயிரோடு இருப்பவர்களுக்காகவும் இறங்கியிருக்கிறதே! பண்ணையார் எதிரே வந்தால் துண்டு அக்குளுக்குப் போகவேண்டும். ஊர்த்தெருவில் நடந்தால் இடுப்பில் இருக்கவேண்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் சிலர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது; சட்டை, பனியன் போடக் கூடாது; குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது என்பன அவற்றுட் சில. இறந்தவர்முன் நாமாக விரும்பிச் செய்வது மரியாதை. இருப்பவர்முன் அச்சத்தால் செய்விப்பது அடிமைத்தனம். இரண்டிலும் இறங்குவது ஒரே துண்டுதான் என்றாலும், இரண்டும் ஒன்றாகிவிடுமா?

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர் இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தனர். கடவுளைத் தொழும்போது தொப்பியைக் கழற்றிய அவர்கள், எந்த மனிதன் முன்னும் கழற்ற மறுத்தனர். 1670-இல் வில்லியம் பென்னும் அவருடைய தோழர் வில்லியம் மீடும் இலண்டன் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, அவர்கள் தலையில் தொப்பி இல்லை. அதிகாரிகள் முன்னரே எடுத்துவிட்டிருந்தனர். தொப்பியை மீண்டும் வைக்கச் சொல்லி ஆணையிட்ட நீதிமன்றம், வைத்த பிறகு, ஏன் கழற்றவில்லை என்று கேட்டு ஆளுக்கு 40 மார்க் அபராதம் விதித்தது! ஆதிக்கத்தின் உண்மையான பசி மரியாதைக்கா, பணிவுக்கா என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டிவிடுகிறது.

நம் மண்ணில் 1925-இல் தந்தை பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் தோள் துண்டைத் தன்மானத்தின் கொடியாக்கியது. இன்று நம்மில் பலர் அந்த மாற்றத்தின் பயனாகவே, நம் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறி இருக்கிறோம்.

"தன்மானம் பேசுபவர்கள் இழவு வீட்டிலும் துண்டை எடுக்க மாட்டார்களோ?" என்று சிலர் கேட்கக்கூடும். கட்டாயம் எடுப்போம். மரணத்தின்முன் மேலோர், கீழோர் என்ற பிரிவு இல்லை. அங்கே துண்டை எடுப்பதால் எவனும் தாழ்ந்துவிடுவதில்லை. நாம் கேட்பது இதுதான்: அந்த மரியாதை எல்லா வீட்டு வாசலிலும் ஒன்றாக இருக்கிறதா? ஊர்த்தெருவில் சாவு என்றால் சேரியிலிருந்து வந்து, பறை அடித்து, குழி வெட்டி, இடுப்பில் துண்டோடு ஒதுங்கி நின்றவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் சாவு விழுந்தபோது, ஊர்த்தெருவிலிருந்து எத்தனை பேர் வந்து தம் துண்டை எடுத்தார்கள்? இரு தெருவுக்கும் இரண்டு சுடுகாடு வைத்திருக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றனவே!

மாணவ நண்பர்களே! இன்று நம்மில் துண்டு போடுவோர் குறைவு. வண்டியோட்டும் தலைக்கவசமும் விளையாட்டுத் தொப்பியுமே நம் தலையில் இருக்கின்றன. துக்க வீட்டின் தெருமுனையிலேயே அவற்றைக் கழற்றுவோம்; தலையை மூடுவது அவ்வீட்டார் முறையென்றால் மூடிக்கொள்வோம். அத்தோடு நில்லாமல், இதுவரை நம் வீட்டார் போகாத தெருவில் ஒரு சாவு நேர்ந்தாலும் அங்கே போவோம். வேலை செய்ய வந்தவருக்கும் ஒரு நாற்காலி எடுத்துப் போடுவோம். எந்த வாசலிலும் இறந்தவருக்காகத் தலை தாழட்டும். இருப்பவன் எவனுக்காகவும் அது தாழவேண்டாம்!