நாலு மாசமா என்ன படிச்சான்னு கேக்கறீங்களே

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். கையில் மகளின் நோட்டை விரித்துப் பிடித்தபடி ஒருவர் ஆசிரியையிடம் சத்தமாகவே கேட்டார்: “நாலு மாசமா என்னதாங்க சொல்லிக் குடுத்தீங்க? ‘இ’ கூட இன்னும் ஒழுங்கா எழுத வரலைங்க.” அந்தப் பாப்பா பக்கத்தில்தான் நின்றது. அப்பாவின் முகத்தைப் பார்த்தது, நோட்டைப் பார்த்தது, பிறகு தரையைப் பார்த்தது. சுற்றி நின்ற நாங்கள் இருபது பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சிலர் தங்கள் பிள்ளையின் நோட்டில் ‘இ’ எப்படி இருக்கிறது என்று புரட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்த வெசனம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, நம் எல்லோருக்கும்.

ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். வாசலில் நம் கால்களைக் கட்டிக்கொண்டு அழுத பிள்ளைதானே இது? முதல் இரண்டு வாரம் பள்ளியில் ஒண்ணுக்குப் போகவே கூச்சப்பட்டு, அடக்கிக்கொண்டே வீடுவரை ஓடிவந்த பிள்ளை. இன்று முன்பின் தெரியாத ஒரு பெரிய மனுஷியிடம் எழுந்து போய், “டீச்சர், போயிட்டு வரட்டுங்களா?” என்று கேட்கிறது. ஐந்து வயதில் அது எத்தனை பெரிய துணிச்சல் என்று நமக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் தானே திறக்கிறது. முப்பது ஜோடிச் செருப்பில் தன் ஜோடியைக் கண்டுபிடிக்கிறது. குழாயடியில் தன் முறை வரும்வரை நிற்கிறது. விளையாட்டில் தோற்றாலும் அழாமல் மறுபடி ஆட்டத்தில் சேர்கிறது. ஒரு கதையைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்கிறது. மதிப்பெண் அட்டையில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. அதனால் இவற்றை நாம் படிப்பு என்றே எண்ணுவதில்லை.

மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் பிள்ளை ‘தண்ணி வாத்துக்கும்’. புத்தகத்தில் அது ‘குளிக்கும்’. நமக்கு ‘ஊடு’, அங்கே ‘வீடு’. நாம் ‘ஒறம்பரை வந்திருக்காங்க’ என்போம், பாடம் ‘விருந்தினர்’ என்னும். பாட்டி பேசும் தமிழும் புத்தகத் தமிழும் ஒரே மொழிதான் என்று தெரியவும் வேண்டும், எதை எங்கே பேசுவது என்று பிரித்தறியவும் வேண்டும். இதை யாரும் பலகையில் எழுதிச் சொல்லித்தருவதில்லை. பிள்ளை தானாகப் பிடித்துக்கொள்கிறது. என் மகளின் வகுப்பில் ஒடிசாவிலிருந்து மில் வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. ஜூனில் அதற்கு ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாது. செப்டம்பரில், “ஏனுங் டீச்சர், இவன் என்னையத் தள்ளறானுங்” என்று முறையிடுகிறது. அந்த ‘ங்’ எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த நம் பிள்ளைகள் கொடுத்தது அது.

இனி அந்த ‘இ’க்கு வருவோம். நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான். வருஷத்துக்கு ஒன்றிரண்டாகக் கெட்டிப்பட்டு வரும். கடைசி எலும்பு கெட்டிப்படத் தொடங்கவே பத்து வயதையொட்டி ஆகிறது. அப்படிப்பட்ட கையில் பென்சிலைக் கொடுத்து, கோடு போட்ட நோட்டில் சுழித்து, வளைத்து, இறக்கி ‘இ’ போடச் சொல்கிறோம். இடவலம் மாற்றி எழுதுவது இந்த வயதில் சாதாரணம். மண்ணைப் பிசைவதும், மணியைக் கோப்பதும், காகிதம் கிழித்து ஒட்டுவதும் அந்தக் கைக்கான பயிற்சிகள். டீச்சர் அதைச் செய்யவிட்டால், “வெளையாடத்தானா அனுப்பறோம்?” என்று கேட்கிறோம்.

கணக்கிலும் அப்படித்தான். உள்ளே வெளியே, பெரியது சிறியது, எதில் அதிகம் எதில் குறைவு என்பதில்தான் முதல் பருவம் தொடங்குகிறது. நூறுவரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் உழவர் சந்தையில் ஏழு தக்காளி எடுத்துப் போடச் சொல்லிப் பாருங்கள். பல பிள்ளைகள் வாயில் ஏழு சொல்லும்போது கையில் ஐந்துதான் விழுந்திருக்கும். வாயும் கையும் ஒன்றாகப் போவதைத்தான் இந்த நான்கு மாதம் கற்றுத்தருகிறது.

இன்னொன்றும் கேளுங்கள். வருஷம் முழுக்க ஒரே புத்தகம் என்றிருந்ததை மாற்றி, சுமை குறையட்டும் என்றுதான் 2012-13 முதல் நம் மாநிலத்தில் முப்பருவ முறை வந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகள் இழந்ததை மீட்க 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் படியைப் பார்த்துப் பாடம். எட்டு வயதுக்குள், அதாவது மூன்றாம் வகுப்பு முடிவதற்குள், எழுத்தும் எண்ணும் பிழையில்லாமல் வர வேண்டும் என்பது அதன் இலக்கு. அரசாங்கமே மூன்று வருஷம் கொடுத்திருக்கிறது. நாம் நான்கு மாதத்தில் கேட்கிறோம்!

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதமே சொல்லிவிட்டது. அதே வருஷம் நவம்பரில் வந்த மத்திய அரசின் சுற்றறிக்கை, இந்த வகுப்புகளுக்குப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றது. பள்ளிகள் மீறுகின்றன என்று குறை சொல்கிறோம். யாருக்காக மீறுகின்றன? “ஹோம்வொர்க்கே குடுக்கறதில்லைங்க, என்ன ஸ்கூலுங்க இது” என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியது யார்? நாம்தான். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்த ஐந்து வயதுப் பிள்ளையை ஐந்தரைக்கு டியூஷனில் உட்கார வைப்பதும் நாம்தான்.

மில் ஷிப்டும் பட்டறையும் பம்ப்செட்டுமாக வளர்ந்த ஊர் இது. வெள்ளென எழுந்து உழைத்து மேலே வந்தவர்கள் நாம். அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால், நாளுக்கு எத்தனை பீஸ் என்று கேட்டுப் பழகிய வாயால் பிள்ளையிடமும் அதையே கேட்கிறோம். மொடக்குறிச்சிப் பக்கத்தில் 1908-இல் பிறந்த பெரியசாமித் தூரனும் இந்த மண்ணின் மனிதர்தான். பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். தமிழில் குழந்தைகளுக்கென்றே 10 தொகுதிகளில் கலைக்களஞ்சியம் வந்தது அவரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டுதான். குழந்தை மனத்தைப் பற்றித் தனியாகவும் எழுதினார். பிள்ளையின் மனசு எப்படி மலர்கிறது என்று உட்கார்ந்து யோசித்த ஒருவரைக் கொங்கு நாடு தந்திருக்கிறது. நாம் டியூஷன் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

பெற்றோரே, சாயங்காலம் பிள்ளை வந்ததும் பையைத் திறக்காதீர்கள். முதலில் சோறு போடுங்கள். “இன்னைக்கு எத்தனை மார்க்கு?” என்பதை விட்டுவிட்டு, “இன்னைக்கு யாரு பக்கத்துல உக்காந்த சாமி?” என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். இடையில் புகுந்து திருத்தாதீர்கள். அது சொல்லும் கதையில் முன்னுக்குப் பின் முரண் இருக்கும், இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டை வாங்கி வந்து எதிரில் விரிக்காதீர்கள். அடுத்த பிள்ளையோடு ஒப்பிட்டு அதன் காதுபடப் பேசாதீர்கள். முக்கியமாக, டீச்சருக்கு முன்னால் பேசாதீர்கள். பகல் முழுக்க அந்த டீச்சரின் முகத்தை நம்பித்தான் அது அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அன்று அந்தப் பாப்பா தரையைப் பார்த்தபடி வலது கையின் விரல்களை மெதுவாக மடக்கிப் பின்னால் ஒளித்துக்கொண்டது. தப்புச் செய்தது தன் கைதான் என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டாம் பருவம் டிசம்பரில் முடியும். மறுபடி கூட்டம் போடுவார்கள், மறுபடி யாராவது நோட்டை விரிப்பார்கள். அன்று நான் வாய் மூடி நிற்க மாட்டேன். யாராக இருந்தாலும் சரி, கோபித்துக்கொண்டாலும் சரி, இப்போதே சொல்லி வைக்கிறேன்.