வந்த நோக்கம் யாது?

அயல்நாட்டிலிருந்து இலங்கைக்குள் காலடி வைப்பவரிடம் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, "வந்த நோக்கம் யாது?" என்பது. உல்லாசம், வணிகம், உறவினரைக் காணல், சமய வழிபாடு என விடைகளும் அக்கேள்வியுடனேயே வரிசையாகத் தரப்பட்டிருக்கும். வந்தவர் அவற்றுள் ஒன்றைத் தெரிந்துவிட்டு அப்பால் நகர்ந்துவிடுவார். ஒரு கணத்தில் முடியும் காரியந்தான். ஆயினும், மனிதன் தன் வீட்டை விட்டு ஏன் புறப்படுகிறான் என்னும் பெரிய வினா அச்சிறு கட்டத்துள் அடங்கிவிடுமா என்பதே நாம் ஈண்டுச் சிந்திக்க விரும்புவது.

உல்லாசப் பிரயாணி என்பவர் யாவர் என வரையறுக்க 1963 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ரோமாபுரியில் ஒரு மாநாட்டைக் கூட்டிற்று. ஊதியம் தேடி அன்றி வேறு காரணம் பற்றி ஒரு நாட்டுக்கு வந்து, 24 மணி நேரமேனும் தங்குபவர் அவ்வரையறையுள் அடங்குவர். ஓய்வு நாடி வந்தவர், நோய் தீர்க்க வந்தவர், கல்விக்காக வந்தவர், கடவுளைத் தொழ வந்தவர், உறவினர் வீட்டுக் கலியாணத்துக்கு வந்தவர் ஆகிய எல்லோரும் கணக்கேட்டில் ஒரே இனத்தவரே. 2018 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தோர் தொகை 23 இலட்சத்துக்கு மேற்பட்டதென்று நாடு மகிழ்ந்தபோது, இவர்கள் அனைவரும் அத்தொகையினுள் இருந்தனர்.

பயணங்களுள் மிகப் பழையது யாத்திரை. செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாகக் கிழக்குக் கரையோரம் நடந்து, குமணைக் காட்டையும் யால வனத்தையும் கடந்து கதிர்காமம் சேரும் அடியார் கூட்டத்தை நாம் அறிவோம். வழியிலுள்ள ஊர்களில் அவர்களுக்கு அன்னமிடுவோர், அதனைத் தமக்குக் கிடைத்த புண்ணியமாகக் கருதுவர். நடப்பவருக்கு மாத்திரமன்றி, நடப்பவரை ஏற்பவருக்கும் யாத்திரையிற் பங்குண்டு என்பது நம் முன்னோர் கண்ட முறை.

மொரோக்கோ நாட்டு இபுனு பதூதா 1344 ஆம் ஆண்டில் இத்தீவின் மேற்குக் கரையில் இறங்கியபோது நிகழ்ந்ததும் இதுவே. மலையுச்சியிலுள்ள ஆதமின் பாதச்சுவட்டைத் தரிசிப்பதன்றித் தமக்கு வேறு விருப்பம் இல்லையென அவர் கூற, ஆரியச்சக்கரவர்த்தி பல்லக்கு ஒன்றும், வழித்துணையாக யோகியரும் பிராமணரும், உணவு சுமக்க ஆட்களும் கொடுத்து அனுப்பினான். இஸ்லாமிய யாத்திரிகர் ஒருவருக்கு, பௌத்தரும் சைவரும் தத்தமக்கு உரியதெனப் போற்றும் மலைக்கு ஒரு தமிழ் மன்னன் வழி காட்டியிருக்கிறான்.

அறிவு தேடிச் செல்வது இன்னொரு வகை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த சீனத் துறவி பாஹியான், தம் நாட்டில் இல்லாத நூல்களைப் பெறும்பொருட்டு ஈராண்டுகள் தங்கினார். அபயகிரி விகாரையில், புத்தர் சிலைக்கு வணிகன் ஒருவன் காணிக்கையாக வைத்த சீனத்துப் பட்டு விசிறியைக் கண்டதும், ஊர் நினைவு மேலிட்டுக் கண்ணீர் பெருக்கியதாக அவரே எழுதி வைத்துள்ளார். அயலூரின் அருமையை அறியச் செல்பவன் தன் ஊரின் அருமையையும் அறிந்துகொள்கிறான் போலும்!

உல்லாசப் பயணம் இவற்றுக்குப் பிந்தியது. 1841 ஜூலை 5 ஆம் திகதி, இங்கிலாந்தில் தோமஸ் குக் என்பவர், மதுவிலக்குக் கூட்டம் ஒன்றிற்காக ஏறக்குறைய 500 பேரை லெஸ்டர் நகரிலிருந்து லபரோவுக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் புகையிரதத்தில் அழைத்துச் சென்றார். இன்றைய பெருந்தொழிலின் வித்துக்களுள் ஒன்று அது. 1936 இல் பிரான்சுத் தொழிலாளர் ஊதியத்துடன் இரு வார விடுமுறை பெற்றனர். செல்வருக்கே உரியதாக இருந்த கடற்கரை உழைப்பாளிக்கும் உரியதாயிற்று. ஆகவே, உல்லாசம் என்றதும் முகஞ் சுளிப்பது நீதியன்று. உழைத்தவன் இளைப்பாற விரும்புவதில் குற்றமில்லை. இளைப்பாறும் இடத்தில் வாழ்வோரும் மனிதரே என்பதை அவன் மறக்குமிடத்தேதான் குற்றம் பிறக்கின்றது.

துயரம் நிகழ்ந்த இடங்களைக் காணச் செல்லும் பயணம் ஒன்றும் உண்டு. ஹிரோஷிமாவுக்கும் அவுஷ்விட்ஸ் முகாமுக்கும் செல்வோர் மகிழ்ச்சிக்காகச் செல்வதில்லை. நம் நாட்டிலும் 2009 ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின், தெற்கிலிருந்து மக்கள் வாகனம் வாகனமாக வடக்குக்கு வந்தனர். 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 இல் மீண்டும் ஓடத் தொடங்கியபின் வருகை மேலும் பெருகிற்று. நயினாதீவிலே தொழுது, கோட்டையையும் நூலகத்தையும் பார்த்து, பனங்கட்டி வாங்கிச் சென்றனர். அவர்களுள் நூலகத்தின் வாசலில் நின்று, 1981 இல் இங்கு எரிந்தது யாதெனக் கேட்டவரும் உளர். படம் பிடித்துக்கொண்டு திரும்பியவரும் உளர். இரு சாராரும் வந்தது ஒரே பாதையில். தெரிந்த நோக்கமும் ஒன்றே. கேட்டவர்கள் நமக்கு விருந்தினராயினர். மற்றவர்கள் பார்வையாளராகவே போயினர். கேளாது சென்றவர்களைக் குறித்து நம்மவர் கொண்ட மனத்தாங்கலை நாம் அறிவோம். அது நியாயமானதே.

ஆனால் அத்தராசில் நம்மையும் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். சித்திரை விடுமுறையில் வான் பிடித்து நுவரெலியாவுக்குச் செல்லும் நாம், வழியெங்கும் விரிந்து கிடக்கும் தேயிலைப் பசுமையை இயற்கையின் அழகென்று வியக்கிறோம். அது இயற்கை தந்த பசுமையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காடழித்து முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டவர்கள், தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த மக்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். அந்நடையில் மாண்டோர் பலர். அவர்களுடைய சந்ததியாருள் மிகப் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர். 2023 இல், இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் மீண்டும் நடந்தனர். ரோமாபுரி மாநாட்டின் வரையறை எதனுள்ளும் அடங்காத பயணம் அது.

கொழுந்துக் கூடையுடன் நிற்கும் பெண்ணைப் படம் பிடிக்கும் நம்மவருள், அவள் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்? அவள் திரும்பிச் செல்லும் லயத்து அறையின் அகலம் யாதென எண்ணியவர் எத்தனை பேர்? அவள் பேசுவது நம் மொழி, மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. அப்படியிருந்தும் கேளாது திரும்புகிறோம். தெற்கிலிருந்து வந்து கேளாது போனவருக்கு மொழி தெரியாமையேனும் ஒரு சமாதானமாக அமையலாம். நமக்கு அதுவும் இல்லை.

உல்லாசமோ யாத்திரையோ, கல்வியோ வணிகமோ, மனிதர் பயணஞ் செய்யும் காரணங்கள் பலவாகவே இருக்கட்டும். சென்ற இடத்தில் வாழ்வோரிடம் ஒரு சொல்லேனும் கேட்டுத் திரும்பினோமா என்பது எல்லா வகைப் பயணத்துக்கும் பொதுவான உரைகல். அடுத்த விடுமுறைக்கு மூட்டை கட்டுமுன், விமான நிலையத்துக் கேள்வியை நாமே நம்மிடம் ஒரு தரம் கேட்டுக்கொள்வோமாக.